வீடு கட்டுற இடத்துல ஹெல்மெட் மட்டும் போதுமா?

கேள்வி சுருக்கமா இதுதான். திருச்சி பக்கம் கீழ மேலன்னு ரெண்டு தளத்துல ஒருத்தர் வீடு கட்டிட்டு இருக்கார். லேபர் கான்ட்ராக்ட், மெட்டீரியல் இவரே வாங்கித் தர்றார், தினமும் பத்துப் பன்னெண்டு பேர் வேலை செய்றாங்க. 12 ஹெல்மெட் வாங்கிக் குடுத்தாராம், அது மணல் குவியல் மேல கவுந்து கிடக்கு, ஒண்ணுல மட்டும் ஆணி போட்டு வெச்சிருக்காங்க. மேஸ்திரிகிட்ட கேட்டா "முப்பது வருஷமா கட்டுறேன் சார், என் சைட்ல ஒண்ணும் நடந்ததில்ல"ங்கிறார். சேஃப்டி ஆபீசர் வெக்கிற அளவுக்கு வசதி இல்ல, வீட்டுக்காரனா நான் என்ன பாக்கணும்னு கேட்டிருக்கார்.

நான் 23 வருஷமா சைட்ல தான் இருக்கேன். சென்னையில அபார்ட்மெண்ட் வேலை, நடுவுல அஞ்சு வருஷம் கல்ஃப்ல சேஃப்டி சூப்பர்வைசர், இப்ப ஊரோட வந்து சின்ன சின்ன வீடா கட்டித் தர்றேன். ஹெல்மெட் வாங்கினது நல்லது தான், மேல இருந்து செங்கல் விழுந்தா காப்பாத்தும். ஆனா நம்ம ஊர் சின்ன சைட்ல ஆள் சாகுறது பெரும்பாலும் உயரத்துல இருந்து விழுந்து, கரண்ட் அடிச்சு, மண்ணோ சுவரோ சரிஞ்சு, சென்டரிங் (ஈரக் கான்கிரீட்டைத் தாங்குற பலகையும் முட்டும்) கவுந்து, தொட்டிக்குள்ள மூச்சு முட்டி. இதுல எதுக்கும் தலையில இருக்கிற பிளாஸ்டிக் பெருசா ஒண்ணும் பண்ணாது. "பாத்து வேலை செய்யுங்கப்பா"ன்னு சொல்றதும் அப்படித்தான், அவன் பாத்துட்டுத் தான் இருக்கான், நிக்கிற பலகை தான் சரியில்ல. ஆளைத் திருத்துறதுக்கு முன்னாடி அவன் நிக்கிற இடத்தைத் திருத்தணும், நான் சொல்லப் போறது பூரா அவ்வளவு தான்.

மேஸ்திரிகிட்ட கேள்வியை மாத்திக் கேட்டுப் பாருங்க. "ஒண்ணும் நடக்கலையா"ன்னு கேக்காதீங்க, டீ குடிக்கிறப்ப "யாராச்சும் விழுந்திருக்காங்களாண்ணே"ன்னு கேளுங்க. ஒரு பையன் சன்ஷேட்ல இருந்து மணல் மேல விழுந்து தப்பிச்சது, கான்கிரீட்டை இறுக்குற வைப்ரேட்டர் மெஷின்ல ஷாக் அடிச்சு தூக்கிப் போட்டது, பலகை முறிஞ்சு சாரத்துலயே தொங்கினதுன்னு வரிசையா வரும். அவர் கணக்குல செத்தா தான் நடந்தது. மணல் அன்னைக்கு அங்க கொட்டியிருந்ததால தப்பிச்சது அவர் கணக்குல வராது.

நீங்க கேக்கலைன்னாலும் முதல்ல சம்ப்பை, அதான் தரைக்கு அடியில கட்டுற தண்ணித் தொட்டியை பத்தி சொல்றேன், ஏன்னா தண்ணித் தொட்டியைப் பாத்து ஒருத்தனும் பயப்பட மாட்டான். பத்தாயிரம் லிட்டர் சம்ப் கட்டுவாங்க, மேல ஸ்லாப் போட உள்ள பலகையும் சவுக்குக் கம்புமா முட்டு குடுப்பாங்க, ரெண்டுக்கு ரெண்டு அடியில ஒரே ஒரு ஓட்டை விட்டு கான்கிரீட் போட்டு மூடி மேல ஒரு தகரத்தைப் போட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுவாங்க. கான்கிரீட்டை நனைக்க ஊத்துற க்யூரிங் தண்ணியும் மழைத் தண்ணியும் ஒரு அடி உள்ள தேங்கும். ரெண்டு மூணு வாரம் அந்த ஈரத்துல மரம் ஊறி அழுகும், அழுக வெக்கிற கிருமிங்க உள்ள இருக்கிற ஆக்சிஜனைத் தின்னு தீத்துடும், கரியமில வாயு அடியில தங்கிடும், சில சமயம் முட்டை நாத்தம் அடிக்கிற வாயுவும் சேரும். வெளிக்காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம் கிட்ட இருக்கு, 19.5க்குக் கீழ போனாலே ஆளை இறக்கக் கூடாது, 6க்குக் கீழ போயிருந்தா ரெண்டு மூச்சுல ஆள் கால் மடங்கி விழுந்திடுவான். மூச்சு முட்டுது, மேல ஏறிடலாம்னு யோசிக்கக் கூட நேரம் இருக்காது.

இதை நான் நேர்ல பாத்திருக்கேன். செங்கல்பட்டு பக்கம் ஒரு வீடு, நான் அப்ப சைட் இன்ஜினியர், மாடியில அளவு எடுத்துட்டு இருந்தேன். கீழ சம்ப்ல பலகை பிரிக்க ஒரு பையன் ஏணி வெச்சு இறங்கினான், நாலாவது படியிலயே கை விட்டுடுச்சு, தொப்புன்னு தண்ணியில விழுந்த சத்தம். அவன் கூடப் பிறந்த அண்ணனும் அதே சைட்ல தான் வேலை, கைலியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கப் போனான். எங்க மேஸ்திரி, அறுபது வயசு மனுஷன், ஓடிப் போய் அவனை இடுப்போட கட்டிப் பிடிச்சு தரையில உக்காந்துட்டார். அவன் அடிக்கிறான், கடிக்கிறான், "என் தம்பி உள்ள இருக்கான் விடுய்யா"ன்னு கத்துறான், இவர் விடவே இல்ல. பாறை உடைக்க வந்த கம்ப்ரெசர் வண்டி அன்னைக்கு அங்க நின்னது எங்க அதிர்ஷ்டம், அதோட ஹோஸை உள்ள விட்டு காத்தடிச்சு, அஞ்சாறு நிமிஷம் கழிச்சு ஒருத்தன் இடுப்புல கயிறு கட்டி இறங்கி அவனைத் தூக்கினோம். பொழச்சான். பத்து நாள் ஆஸ்பத்திரி, அதுக்கப்புறம் ரொம்ப நாள் எல்லாத்தையும் மறந்து மறந்து போவான். அந்த மேஸ்திரி மட்டும் அன்னைக்கு பிடிக்கலைன்னா ரெண்டு பேரும் உள்ள. பேப்பர்ல வர்ற தொட்டி விபத்தைக் கவனிச்சுப் பாருங்க, காப்பாத்தப் போனவரும் சேந்து தான் செத்திருப்பார்.

அதனால முடிஞ்சா அந்த வேலையே இல்லாம பண்ணிடுங்க. சம்ப் மூடியை வெளிய தரையில துண்டு துண்டா வார்த்து, காஞ்சதும் தூக்கி மேல அடுக்கிட்டா உள்ள முட்டும் கிடையாது, பிரிக்க ஆளும் இறங்க வேண்டாம், நான் இப்ப இப்படித்தான் பண்றேன். ஏற்கெனவே வார்த்தாச்சுன்னா எதிரெதிர் மூலையில ரெண்டு ஓட்டை இருக்கணும், ரெண்டையும் முதல் நாளே திறந்து போட்டுடணும், தண்ணியை வெளிய நிக்கிற மோட்டாரால இறைக்கணும் (பெட்ரோல், டீசல் இன்ஜினை உள்ள இறக்கினா அந்தப் புகையே கொன்னுடும்), ப்ளோவர் பைப்பை அடி வரைக்கும் விட்டு அரை மணி நேரம் ஓட்டணும், வேலை முடியுற வரைக்கும் நிறுத்தக் கூடாது. இறங்குறவன் உடம்புல கயிறு, மேல ரெண்டு பேர், அந்த ரெண்டு பேரும் என்ன ஆனாலும் இறங்க மாட்டோம்னு முன்னாடியே பேசி வெச்சுக்கணும். வாயு அளக்கிற மீட்டர் பெரிய ஊர்ல வாடகைக்குக் கிடைக்கும், விசாரிங்க. விளக்கைக் கட்டி இறக்கிப் பாத்தா போதும்னு பெரியவங்க சொல்வாங்க, விளக்கு அணைஞ்சா ஆபத்துங்கிறது சரி, ஆனா எரிஞ்சா ஆபத்து இல்லன்னு அர்த்தம் இல்ல, விஷ வாயு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரியும், தீப்பிடிக்கிற வாயு இருந்தா வெடிக்கும். இன்னொண்ணு, காத்துக்குப் பதிலா ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விட்டுடாதீங்க, அது தீ விபத்துல போய் முடியும்.

அடுத்தது உயரம். பத்தடி தானேன்னு நினைப்போம், தலைகீழா விழுந்தா பத்தடி போதும். சவுக்குக் கம்பு சாரம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், நல்லா கட்டினா நிக்கும், ஆனா கட்டுற கயிறும் பலகையும் யாரோடதுன்னு பாருங்க. போன சைட்ல மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்ச கயிறு பாக்க முழுசா இருக்கும், கையால முறுக்கிப் பாத்தா பொடிப்பொடியா உதிரும். பூச்சு வேலைக்கு ஒத்தப் பலகை மேல நின்னுட்டு பின்பக்கமா சாஞ்சு கரணை இழுப்பாங்க, அங்க குறைஞ்சது ரெண்டு மூணு பலகை நெருக்கிப் போட்டு, ரெண்டு முனையும் கட்டி, இடுப்பு உயரத்துக்கு குறுக்கே ஒரு கம்பு கட்டச் சொல்லுங்க. முனை கட்டாம கம்புக்கு வெளிய நீட்டிட்டு இருக்கிற பலகை ஏத்தமரம் மாதிரி, அந்தப் பக்கம் கால் வெச்சா இந்தப் பக்கம் தூக்கிடும். ஏணியை நாலடி உயரத்துக்கு ஒரு அடி கால் தள்ளி வெக்கணும், ஏறிப் போற தளத்துக்கு மேல மூணு அடி நீட்டியிருக்கணும், மேல முனையைக் கட்டணும்.

சேஃப்டி பெல்ட் வாங்கலாமான்னு கேட்டா, ரெண்டு மாடி வீட்டுக்கு அதை நம்பி இருக்காதீங்கன்னு தான் சொல்வேன். கடையில இதைச் சொல்ல மாட்டாங்க. பெல்ட்டோட கயிறு 1.8 மீட்டர், விழுந்தா அதிர்ச்சியைத் தாங்குற பகுதி பிரிஞ்சு ஒரு மீட்டருக்கு மேல நீளும், அதுக்கும் கீழ ஆளோட உடம்பு தொங்கும், எல்லாம் சேத்தா கொக்கி மாட்டின இடத்துல இருந்து கீழ அஞ்சரை ஆறு மீட்டர் காலியா வேணும், அதாவது 18 அடியாவது. உங்க தளம் பத்தடி. பெல்ட் பிடிக்கிறதுக்கு முன்னாடி தரை வந்திடும். அதுவும் கொக்கியை எங்க மாட்டுவான், அதே சவுக்குக் கம்புல தான். அந்தக் காசுக்கு தள ஓரத்துக்கும் மாடிப்படிக்கும் கம்பு கட்டி தடுப்பு போடுங்க, டக்ட் (பைப் போக விடுற ஓட்டை), படிக்கட்டு ஓட்டையை எல்லாம் பலகை போட்டு ஆணியடிச்சு மூடுங்க. சும்மா மேல வெச்ச பலகை மூடாத ஓட்டையை விட மோசம், கீழ ஓட்டை இருக்குன்னு தெரியாம ஒருத்தன் "இந்தப் பலகை சும்மா தானே கிடக்கு"ன்னு தூக்கிட்டு ஒரு எட்டு முன்னாடி வெப்பான். அப்புறம் இந்த சன்ஷேட். லிண்டலோட (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற பீம்) சேத்து வார்த்தது, அதுக்கு மேல சுவர் பாரம் ஏறாம முட்டுக் கம்பை எடுத்துட்டா, ஒருத்தன் நுனியில ஏறி நின்னதும் அப்படியே முன்னாடி கவுந்துக்கும். மேல சுவர் வர்ற வரைக்கும் முட்டு இருக்கட்டும்.

கரண்ட்ல ரெண்டு விஷயம். ஒண்ணு உள்ள. எந்த சைட்டுக்குப் போனாலும் கட்டிங் மெஷின் ஒயர்ல பிளக் இருக்காது, ரெண்டு ஒயரையும் சீவி சாக்கெட்ல சொருகி தீக்குச்சி வெச்சு அடைச்சிருப்பாங்க, அந்த ஒயர் ஈரத் தரையில கிடக்கும். டெம்பரரி போர்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) ஒண்ணு மாட்டுங்க, ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் ஆகும், இந்தப் பதில்ல ஒரே ஒரு பொருள் தான் வாங்க முடியும்னா இதை வாங்குங்க. எம்சிபி இருக்கே சார்னு எலக்ட்ரீஷியன் சொல்வார். எம்சிபி ஒயரைக் காப்பாத்த இருக்கு, 16 ஆம்ப்பைத் தாண்டினா தான் அசையும், ஆளைக் கொல்ல அதுல நூத்துல ஒரு பங்கு கூட வேண்டாம். மாட்டினதும் டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுதான்னு பாருங்க, மாசம் ஒரு தடவை பாருங்க.

இன்னொண்ணு வெளிய, ரோட்டுல போற ஈபி லைன். வீட்டுக்கு முன்னாடி 11 கேவி (11 ஆயிரம் வோல்ட்) லைன் போனா கட்டடம் குறைஞ்சது 1.2 மீட்டர் பக்கவாட்டுல தள்ளி இருக்கணும்னு விதி, ஆனா அது கட்டி முடிச்ச சுவருக்கு. கட்டுறப்ப ஒருத்தன் 12 மீட்டர் கம்பியை மாடிக்கு வாங்குறான், கீழ இருந்து ஒருத்தன் தூக்கித் தர்றான், மேல இருக்கிறவன் பிடிச்சுத் திருப்புறான், அந்தத் திருப்பத்துல 1.2 மீட்டரெல்லாம் கணக்கே இல்ல. கம்பியோட மறுமுனை போய் லைன்ல படும். தொடவே வேண்டாம், ரொம்ப கிட்ட போனாலே தாவும். லைன் மேல பிவிசி பைப் மாட்டிட்டா சரியாப் போச்சுங்கிறதும் சும்மா. கம்பியை லைன் இல்லாத பக்கமா, வீட்டுக்குப் பின்னாடியோ பக்கத்துலயோ மட்டும் ஏத்தணும்னு முதல் நாளே சொல்லிடுங்க, முடிஞ்சா கீழயே அளவுக்கு வெட்டி ஏத்துங்க. வேற வழியே இல்லன்னா ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அந்த நேரத்துக்கு லைனை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, அலைய விடுவாங்க தான், பரவாயில்ல. பெயிண்டர் அலுமினிய ஏணியோட வர்ற அன்னைக்கு இதே பேச்சை திரும்பப் பேசணும்.

இப்ப கான்கிரீட் போடுற நாள். வீட்டுக்காரங்க சாமி கும்பிட்டு, எல்லாருக்கும் டிபன் வாங்கிக் குடுத்து, சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்து கீழ நிழல்ல சேர் போட்டு உக்காருவாங்க. எங்க உக்காருறாங்கன்னா, சென்டரிங்குக்கு அடியில! ஆயிரம் சதுர அடி, அஞ்சு இன்ச் ஸ்லாப்னா ஈரக் கான்கிரீட் மட்டும் கிட்டத்தட்ட 29 டன். அதுக்கு மேல ஆளுங்க, வைப்ரேட்டர், ஒரே இடத்துல குமிச்சுக் கொட்டின குவியல். அந்த 29 டன்னும் அன்னைக்கு முழுக்க நிக்கிறது முட்டு மேல தான், கான்கிரீட்டுக்கு இன்னும் உயிரே வரல. அடியில ஒருத்தரும் இருக்கக் கூடாது. சென்டரிங்காரர் ஆப்பு தளருதான்னு பாக்கணும்னா ஓரமா நின்னு பாக்கட்டும், தட்டி இறுக்க உள்ள போகணும்னா மேல கொட்டுறதை நிறுத்திட்டுப் போகட்டும்.

முட்டுக் கம்பை எல்லாம் முதல் நாள் சாயங்காலமே பாத்துடணும், காலையில மிக்சர் வண்டி வந்தப்புறம் "இதை மாத்துப்பா"ன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான். புது மண் ரொப்பின தரையில முட்டு நேரா மண் மேல நின்னா கான்கிரீட் தண்ணி ஒழுகி மண் இளகி இறங்கும், அடியில பலகை வேணும். உயரம் பத்தலைன்னு ரெண்டு மூணு செங்கலை அடுக்கி அது மேல முட்டு வெப்பாங்க, அது கூடவே கூடாது. எல்லாம் நேரா நின்னாலும் ஒண்ணோட ஒண்ணு குறுக்க கட்டலைன்னா ஒண்ணு சரிஞ்சா சீட்டுக்கட்டு மாதிரி வரிசையா சரியும். போர்ட்டிகோ, டபுள் ஹைட் ஹால் மாதிரி உயரமான இடத்துல தான் நிறைய கவுந்திருக்கு, அங்க இன்ஜினியர் கண்டிப்பா வந்து பாக்கணும், வாரத்துக்கு ஒரு தடவை வர்றவரை அந்த சாயங்காலம் வரச் சொல்லுங்க.

பிரிக்கிறதுலயும் அவசரம், ஏன்னா தகடுக்கும் ஜாக்கிக்கும் (இரும்பு முட்டு) நாள் வாடகை ஓடும், அடுத்த சைட்ல அதே செட்டுக்கு ஆள் காத்துட்டு இருப்பான். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்ற கணக்கு: ஸ்லாப் 4.5 மீட்டர் அகலம் வரைக்கும் முட்டு 7 நாள் நிக்கணும், அதுக்கு மேலன்னா 14 நாள், பீம் 6 மீட்டர் வரைக்கும் 14 நாள், அதுக்கு மேல 21. அது ஓபிசிங்கிற சாதாரண சிமெண்டுக்கு, வீட்டு வேலைக்கு இப்ப அதிகமா வர்ற, சாம்பல் மாதிரி பொருள் கலந்த பிபிசி சிமெண்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் சேத்துக்கோங்க. வாடகை ஏறுதேன்னு மேஸ்திரி முணுமுணுத்தா அந்தக் கூடுதல் நாள் வாடகையை நீங்க குடுத்துடுங்க, பெரிய காசு இல்ல.

2014 ஜூன் 28, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மழையில சென்னை மவுலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தது ஞாபகம் இருக்கும். அது டிசைன்லயே வந்த கோளாறு, நீங்களும் நானும் சைட்ல நின்னு கண்டுபிடிக்கிற விஷயம் இல்ல. ஆனா ஒரு வாரம் கழிச்சு நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்காது, திருவள்ளூர் மாவட்டத்துல ஒரு குடோன் சுவர் மழையில சரிஞ்சு பக்கத்துல குடிசை போட்டுத் தூங்கிட்டு இருந்த கட்டட வேலைக்காரங்க 11 பேர் செத்தாங்க. இதுல இருந்து வீட்டுக்காரன் எடுத்துக்க விஷயம் இருக்கு. ஒடிசா, பீகார்ல இருந்து வந்த பசங்க உங்க சைட்லயே தங்குறாங்கன்னா, ஷெட்டை எங்க போட்டிருக்காங்கன்னு இன்னைக்கே போய்ப் பாருங்க. மதில் நிழல்ல, மண் குவிச்ச பக்கம், நோண்டின குழி ஓரத்துலன்னா மாத்துங்க. தண்ணி வடிய ஓட்டை இல்லாத மதிலுக்குப் பின்னாடி மழைத் தண்ணி தேங்கினா அந்தச் சுவர் அணைக்கட்டு வேலை பாக்குது, அதுக்காக யாரும் அதைக் கட்டல.

குழி விஷயமும் அதே மாதிரி தான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல, ஒரு காரோட வெயிட். நெஞ்சு வரைக்கும் மூடினாலே விலா எலும்பு விரியாது, தலை வெளிய இருந்தும் மூச்சு விட முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல நேர்க்குத்தா நோண்டாதீங்க, சரிவா வெட்டுங்க, இல்ல பலகை வெச்சு முட்டு குடுங்க. நோண்டின மண்ணை ஓரத்துலயே குமிக்காம ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்டுங்க, குழி ரொம்ப ஆழம்னா ஆழத்துல பாதி. பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி பூட்டிங் (பில்லரோட அஸ்திவாரம்) வந்தா மொத்த நீளத்தையும் ஒரே நாள்ல நோண்டக் கூடாது, ஒரு குழியை நோண்டி கான்கிரீட் போட்டு மூடிட்டு அடுத்தது. ஜேசிபிகாரர் மணிக்கணக்கு ரேட்ல வர்றதால எல்லாத்தையும் ஒரேடியா நோண்டிட்டுப் போயிடலாம்னு தான் சொல்வார், அவர் சாயங்காலம் கிளம்பிடுவார், மதில் அங்கயே நிக்கும், ராத்திரி மழை வரும்.

சின்னது சின்னதா சில விஷயம். பில்லர்ல நீட்டிட்டு இருக்கிற கம்பி முனைக்கு தண்ணி பாட்டில் கவுத்து வெப்பாங்க, அது கீறலைத் தடுக்கும், மேல இருந்து ஒருத்தன் விழுந்தா பாட்டிலோட சேத்து குத்தும், மேல வேலை நடக்கிற இடத்துல கம்பி வரிசை மேல பலகையை நிறுத்திக் கட்டுங்க. பிரிச்ச பலகையில ஆணியை அன்னைக்கே பிடுங்கணும். ஈர சிமெண்ட் தோலை அரிக்கும், பூட்ஸுக்குள்ள போனா சாயங்காலம் கழட்டுறப்ப தான் தெரியும். டைல்ஸ், கிரானைட்டை தண்ணி ஊத்தித் தான் வெட்டணும், அந்தத் தூள் நுரையீரல்ல போய் தங்கினா திரும்ப வராது.

கக்கூஸ் ஒண்ணு கட்டிக் குடுத்தீங்களா? சேஃப்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சித்தாள் அக்காங்க காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க, போக இடம் இல்லன்னு. சித்திரை வெயில்ல தலையில கலவைச் சட்டியோட படி ஏறுறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வரும், அது படிக்கட்டுல கைப்பிடி இல்லாத நேரம். கக்கூஸ் கட்டின சைட்ல அவங்க தண்ணி குடிக்கிறதை நானே பாத்திருக்கேன். மத்தியானம் 12 மணியில இருந்து 3 வரைக்கும் நிழல் வேலையா குடுக்கச் சொல்லுங்க.

காசு விஷயம் ஒண்ணு. வேலை செய்றவங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சிருக்காங்களான்னு கேளுங்க, பாதிப் பேர் புதுப்பிக்காம விட்டிருப்பாங்க. பேங்க் அக்கவுண்ட் இருக்கிறவங்களுக்கு பிரதமர் சுரக்ஷா பீமா வருஷத்துக்கு 20 ரூபாய் தான், விபத்துல செத்தா 2 லட்சம், 18ல இருந்து 70 வயசு வரைக்கும் சேரலாம். பன்னெண்டு பேருக்கும் நீங்களே கட்டினாலும் 240 ரூபாய், நீங்க வாங்கின ஒரு ஹெல்மெட் விலை.

ஹெல்மெட் போட வெக்கிறதுக்கும் ஒரு வழி இருக்கு, நீங்க சைட்டுக்குள்ள வர்றப்ப நீங்க போடுங்க, இன்ஜினியரையும் மேஸ்திரியையும் போட வைங்க. மேஸ்திரி துண்டோட நின்னுட்டு சித்தாளை ஹெல்மெட் போடச் சொன்னா நடக்காது. தாடைப் பட்டையை மாட்டச் சொல்லுங்க, மாட்டலைன்னா குனிஞ்சதும் அதுவே கீழ நிக்கிறவன் தலையில விழும்.

மாடி ஸ்லாப் எப்பன்னு நீங்க எழுதல. தேதி முடிவானா சொல்லுங்க, முதல் நாள் சாயங்காலம் முட்டோட அடிப்பகுதியையும் போர்ட்டிகோவையும் நாலு பக்கம் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி சம்ப் வேலை எந்த நிலைமையில இருக்குன்னு மட்டும் இன்னைக்கே சொல்லுங்க, உள்ள பலகை இருந்தா நான் சொல்ற வரைக்கும் யாரையும் இறக்க வேண்டாம்.